இன்றைய இடியம்

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் காலை ஐந்தரைக்கு முதல் செய்தி வந்துவிடும். அந்த நேரத்தில் நான் இரண்டாவது ஈடு உளுந்தைக் கிரைண்டரில் போட்டிருப்பேன். கை முழுக்க மாவு. முழங்கையால் போனைத் தட்டிப் பார்ப்பேன். தண்ணீர் லாரி வருகிறதா, கரண்ட் எத்தனை மணிக்குப் போகும் என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் அந்தக் குழு. ஆனால் வந்திருப்பது "இன்றைய இடியம்" என்ற தலைப்பில் ஒரு ரோஜாப்பூ. பூவுக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் அதன் அர்த்தம்.

அனுப்புகிறவர் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் சார். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். யாருக்கும் கெட்டது செய்ய மாட்டார். நல்லது செய்வதற்கும் அவசரப்பட மாட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இடியம் என்றால் என்ன என்று குழுவில் ஒருத்தி கேட்டதற்கு நீளமாக விளக்கம் எழுதினார். சொல்வது ஒன்றாக இருக்குமாம், அர்த்தம் வேறாக இருக்குமாம், கேட்பவர் மனம் நோகாமல் எதையும் சொல்லிவிடலாமாம், அதுதான் அந்த மொழியின் அழகாம். இதில் என்ன அழகு என்று எனக்கு விளங்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லத்தானே வாய் இருக்கிறது.

என் வாய் கொஞ்சம் பெரியது. அதை நான் மறைத்ததில்லை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் வேளச்சேரி சாலையிலிருந்து உள்ளே இறங்கினால் மூன்றாவது தெருவில் எங்கள் வீடு கடைசி. தெரு சரிவாக இறங்கி வந்து எங்கள் வாசலில் முடியும். முன் அறையில் இரண்டு பெரிய கிரைண்டர் வைத்து இட்லி மாவு அரைக்கிறேன். தெருவுக்கு வாசலிலேயே விற்பனை. சேலையூர் கேம்ப் ரோடு கடைகளுக்கு லோடு ஆட்டோவில் போகும். என் கணவர் தாம்பரத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். வீட்டில் பேசுவது நான், கேட்பது அவர். பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்தேன். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அர்த்தத்துக்கு யாராவது வேண்டும்.

போன வருட மழையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. இரண்டு கிரைண்டரின் மோட்டாரும் போயின. அரிசி மூட்டைகள் ஊறி, முளைத்து, நாறின. இரண்டு வாரம் மாவு இல்லை. கேம்ப் ரோட்டில் மூன்று கடைக்காரர்கள் பாக்கெட் மாவுக்குப் போனார்கள். திரும்பி வரவே இல்லை. மிச்சம் இருக்கிற கடைகளை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை தண்ணீர் வந்தால் கிரைண்டரை எடைக்குப் போட்டுவிட்டு உட்கார வேண்டியதுதான். எனக்கு வேறு தொழில் தெரியாது.

காரணம் தெருவுக்கே தெரியும். தெருவோர மழைநீர்க் கால்வாய் எங்கோ அடைத்திருக்கிறது. என் வீட்டைத் தாண்டி இருபது அடியில் பெரிய கால்வாய் இருக்கிறது. அங்கே போய் விழ வேண்டிய தண்ணீர் எனக்கு விருந்தாளியாக வருகிறது. அடைப்பு எங்கே என்று கண்டுபிடித்து எடுக்க வேண்டும். அது சங்கத்தின் வேலை. செயலாளரிடம் சொன்னேன். சித்திரை மாதத்தில் சொன்னேன், ஆடி வந்தும் சொன்னேன்.

குழுவில் நான் கேட்பேன், அவர் பதில் போடுவார். பதில் முழுக்க இடியம். அவர் காலையில் போடுகிற அர்த்தங்களைத் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் குறித்துவைத்துக்கொண்டேன். இடது பக்கம் அவர் சொன்ன அர்த்தம். வலது பக்கம் எங்கள் தெருவில் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் பார்த்துத் தெரிந்துகொண்டது.

"பால் இஸ் இன் தேர் கோர்ட்." அவர் அர்த்தம்: முடிவு இனி அவர்கள் கையில். என் அர்த்தம்: நான் கை கழுவியாகிவிட்டது.

"ரெட் டேப்." அவர் அர்த்தம்: அரசு அலுவலகத் தாமதம். என் அர்த்தம்: அந்த அலுவலகம் எந்தப் பக்கம் என்றே இன்னும் விசாரிக்கவில்லை.

"கீப் யுவர் ஃபிங்கர்ஸ் கிராஸ்ட்." அவர் அர்த்தம்: நல்லதே நடக்கும் என்று நம்பியிரு. என் அர்த்தம்: அரிசி மூட்டையைப் பரணில் ஏற்று.

"ஆன் தி சேம் பேஜ்." அவர் அர்த்தம்: நாம் இருவரும் ஒரே கருத்தில் இருக்கிறோம். என் அர்த்தம்: இதற்கு மேல் கேட்காதே.

இப்படி ஒரு கத்தை சேர்ந்தது. என் கணவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். நன்றாக இருக்கிறதாம். வீடு முழுகப் போகிறது, இவருக்கு இலக்கியம்.

ஒரு நாள் காலை "எலிஃபன்ட் இன் தி ரூம்" வந்தது. அறைக்குள் யானை. அர்த்தம்: எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் வாய் திறந்து சொல்லாத பெரிய பிரச்சினை. அன்றைக்குக் குழுவில் என்றும் இல்லாத கூட்டம். கட்டைவிரல் காட்டினார்கள், கண்ணீர் வரச் சிரிக்கும் முகங்களைப் போட்டார்கள். எனக்குச் சந்தோஷம். எல்லோருக்கும் செயலாளர் மேல் கோபம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அடைப்பு அவர் வீட்டு வாசலில்தான் இருக்க வேண்டும், அதனால்தான் நாலு மாதமாக இழுக்கிறார் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. நானும் எழுதினேன்: "கரெக்ட் சார். நம்ம தெருவிலும் அப்படி ஒன்று இருக்கிறது. எந்த வீட்டு வாசல் என்று நான் சொல்லணுமா?"

குழு அமைதியாகிவிட்டது. சாயங்காலம் வரை ஒரு செய்தி கூட இல்லை. பயந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு இரண்டு படி கூடுதலாக அரைத்தேன்.

நான் போட்ட போட்டில் சங்கக் கூட்டம் கூடியது. செயலாளர் வீட்டுக் கார் ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். வார்டு அலுவலகத்துக்கு மனு எழுதியிருப்பதாகச் சொல்லி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் எழுந்து நின்று வாசித்தார். ஆங்கிலத்தில் முழுதாக இரண்டு பக்கம். இது டிப் ஆஃப் தி ஐஸ்பெர்க்தான் என்றார். லீவ் நோ ஸ்டோன் அன்டர்ன்ட் என்றார். இலெவன்த் அவர் வந்துவிட்டது என்றார். தாளில் குறித்துவைத்த புண்ணியத்தில் எனக்கே பாதி புரிந்தது. பிரச்சினையின் நுனிதான் தெரிகிறது, எந்த முயற்சியையும் விட்டுவைக்கக் கூடாது, கடைசி நேரம் நெருங்கிவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அன்று ஒரு நாள் அவரைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டோமே என்று கூட இருந்தது.

ஆவணி போனது. புரட்டாசி பாதி போனது. கால்வாய்ப் பக்கம் ஒரு ஆளும் வரவில்லை. ஒரு காலையில் கேம்ப் ரோட்டில் மாவு இறக்கிவிட்டு, லோடு ஆட்டோவை நேராக வார்டு அலுவலகத்துக்கு விடச் சொன்னேன். மாவு படிந்த துணியோடுதான் போனேன்.

அங்கே உதவிப் பொறியாளர் ஒரு இளம் பெண். எங்கள் சங்கச் செயலாளர் ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு பக்க மனு என்றதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்து மேஜை கிளார்க்கைக் கூப்பிட்டார். கிளார்க் அதைத் தனி உறையில் வைத்திருந்தார். தன் மகள் பரீட்சைக்குப் படிக்க உதவும் என்று போட்டோ எடுத்து அனுப்பியிருப்பதாகப் பெருமையாகச் சொன்னார். அப்புறம் ஏன் ஆள் அனுப்பவில்லை என்று கேட்டேன்.

"நாங்க மூணு பேர் படிச்சோம்மா" என்றார் அந்தப் பெண். "இங்கிலீஷ் அவ்ளோ நல்லா இருக்கு. எந்தத் தெருன்னுதான் எங்கயும் இல்ல."

வாங்கிப் பார்த்தேன். வெள்ளைத் தாள். கீழே செயலாளர் என்று ஒரு கையெழுத்து. தெருப் பெயர் இல்லை, வீட்டு எண் இல்லை, ஒரு போன் நம்பர் கூட இல்லை. ஐஸ்பெர்க் இருக்கிறது, ஸ்டோன் இருக்கிறது, கால்வாய் என்ற வார்த்தையே இரண்டாம் பக்கத்தில்தான் வருகிறது. அது எந்த ஊர்க் கால்வாய் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

அங்கேயே ஒரு தாள் வாங்கினேன். தமிழில் நாலு வரி எழுதினேன். தெருப் பெயர், என் வீட்டு எண், பஸ் நிறுத்தத்திலிருந்து எப்படி வர வேண்டும், கால்வாயை மேலிருந்து கீழ் வரை திறந்து பார்க்க வேண்டும், யார் வீட்டு வாசலாக இருந்தாலும் தயவு தாட்சண்யம் பார்க்காமல் அடைப்பை எடுக்க வேண்டும். யார் வீட்டு வாசலாக இருந்தாலும் என்பதற்குக் கீழே கோடு போட்டேன். பொறியாளர் படித்துவிட்டு மறுநாளே ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

சொன்னபடி மறுநாள் இரண்டு பேர் நீளமான கம்பியோடு வந்தார்கள். நான் கிரைண்டரை நிறுத்திவிட்டு அவர்களோடு தெரு முனையிலிருந்து நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும் மூடியைத் திறந்து கம்பியை விட்டார்கள். கம்பி சளக் சளக்கென்று தண்ணீரில் ஓடியது. செயலாளர் வீட்டு வாசலில் நன்றாகக் குத்திப் பாருங்கள் என்று நானே கைகாட்டினேன். அவர் கேட்டுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கம்பி சுலபமாகப் போய்ச் சுலபமாக வந்தது. இன்னொரு முறை குத்தச் சொன்னேன். மறுபடியும் அதேதான். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. தெருவில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நான் முன்னால் போகப் போக எனக்குப் பின்னால் பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

கடைசி வாசலில் கம்பி ணங்கென்று நின்றது.

கம்பி வைத்திருந்தவர் நிமிர்ந்து, "யக்கா, இது யார் வூடு?" என்றார்.

"என் வூடுதான்."

"உன் வூடா? அப்போ அடைப்பும் உன்னுதுதான்க்கா. உள்ள ஃபுல்லா கான்கிரீட்டு கீது. பேருக்கு ஒரு பைப்பு வுட்டுக்கிறாங்க, அதுவும் மண்ணு அடைச்சினு கீது. இன்னாத்துக்கு இப்டி கட்டி வெச்சுகிற?"

லோடு ஆட்டோ வாசல் வரை ஏறி வர வேண்டும் என்று மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ராம்ப் போட்டேன். மேஸ்திரி கால்வாய் மேல் சிலாப் போடலாம், அடியில் தண்ணீர் போகப் பெரிய பைப் வாங்கித் தாருங்கள் என்றார். சிலாப் ஆடும், மாவுத் தவலை கவிழும், அதெல்லாம் வேண்டாம், கெட்டியாக நிரப்பிக் கட்டு என்றேன். தண்ணீர் எப்படிப் போகும் என்று கேட்டார். நீ கொத்தனாரா, வாத்தியாரா என்று கேட்டேன். அவர் மிச்சம் கிடந்த ஒரு சின்னப் பைப்பை உள்ளே செருகிவிட்டுப் பூசிவிட்டுப் போய்விட்டார். முதல் இரண்டு மழையில் பைப் தாங்கியது. போன வருடம் தாங்கவில்லை. இது மொத்தமும் எனக்கு அந்த ஒரு நொடியில் ஞாபகம் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். தெருவே நின்றது. ஒருவர் கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் திட்டியிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும்.

பொறியாளரிடம் போனில் சொன்னார்கள். ராம்ப்பை உடைத்தே ஆக வேண்டும் என்றார் அவர். அவர்களே உடைக்கலாம், ஆனால் இயந்திரம் வேறு வார்டில் இருக்கிறது, அடுத்த வாரம்தான் வரும், இரண்டு நாளில் மழை என்று செய்தி, நீங்களே உடைத்துக்கொண்டால் நல்லது என்றார். சரி என்று சொல்லிவிட்டு நேராகச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். எனக்கு யாரிடமாவது சண்டை போட்டாக வேண்டியிருந்தது.

அவர் ஹாலில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் வருவேன் என்று தெரிந்து உட்கார்ந்திருந்தது போல் இருந்தது.

"சார், அடைப்பு என் வாசல்லன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்மா."

"எப்பலேருந்து?"

"நீங்க ராம்ப் போட்ட அன்னிலேருந்து."

"அப்ப ஏன் சார் சொல்லல?"

"சொன்னேனேம்மா. டெய்லி காலைல அஞ்சரைக்குச் சொன்னேன்."

நின்றுகொண்டிருந்தவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவருக்கு அதில் கொஞ்சம் தைரியம் வந்திருக்க வேண்டும். நேரில் சொல்லவும் மூன்று முறை வந்ததாகச் சொன்னார். முதல் முறை நான் பால்காரரோடு சண்டையில் இருந்தேனாம். இரண்டாம் முறை போனில் யாரையோ கிழித்துக்கொண்டிருந்தேனாம்.

"மூணாவது தடவ நீங்க சும்மாதான் உக்காந்திருந்தீங்க. அது இன்னும் பயமா இருந்துது. மூணு தடவையும் ரெண்டு கிலோ மாவு வாங்கிண்டு வந்துட்டேன்."

"அந்த மாசம் பூரா எங்களுக்குத் தோசைதான்" என்றார் அவர் மனைவி, உள்ளேயிருந்து.

மனுவில் ஏன் தெருப் பெயர் போடவில்லை என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போட்டா அவங்க வந்துடுவாங்களேம்மா. வந்தா உங்க ராம்ப்பைத்தான் உடைப்பாங்க. உங்க தொழில் நின்னுடுமேன்னுதான் பார்த்தேன். மனு எழுதலைன்னாலும் நீங்க விடமாட்டீங்க. நான் என்ன பண்றது?"

யாரும் வராமல் இருப்பதற்காக இரண்டு பக்கம் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் மனிதர். வேண்டுமென்றேதான் சங்கத்தின் லெட்டர்பேடையும் தொடவில்லை. நான் வலது பக்கத்தில் எழுதிவைத்த அர்த்தம் ஒன்று கூடச் சரியில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே அர்த்தம்தான்: அம்மா தாயே, அது உன் வாசல்.

சண்டை போட வந்தவள் போடாமல் திரும்பினேன். அப்படித் திரும்பி எனக்குப் பழக்கமில்லை.

கேம்ப் ரோட்டில் உடைக்கும் மெஷின் வாடகைக்கு எடுத்தோம். என் கணவர் பட்டறைக்கு லீவு போட்டார். கெட்டியாகக் கட்டு என்று நான் சொன்னதை அந்த மேஸ்திரி மனதில் வைத்துக் கட்டியிருந்தார். ஒன்றரை நாள் ஆனது. பல் கிட்டித்து, காது அடைத்து, வீடு பூராவும் சிமெண்ட் தூசி. செயலாளர் வந்து பிளாஸ்டிக் கூடையில் சின்னச் சின்ன ஜல்லியாகப் பொறுக்கிப் போட்டார். பெரியதைத் தூக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் மண்வெட்டி கொண்டுவந்து அடியில் இருந்த சேற்றை அள்ளினார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. பேசினால் நான் என்ன சொல்வேனோ என்று அவர்களுக்குப் பயம், எனக்கும் அதே பயம். இனி லோடு ஆட்டோ ரோட்டிலேயே நிற்கும், தவலைகளைப் பலகை போட்டுத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். போகட்டும்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு மழை பிடித்தது. சாயங்காலம் வரை விடவில்லை. நான் முன் அறைப் படியில் நின்றுகொண்டே இருந்தேன். தெருவின் தண்ணீர் மொத்தமும் என் வாசலை நோக்கி இறங்கி வந்தது. போன வருடம் வந்த அதே வேகம். வந்த தண்ணீர் வாசலுக்கு முன்னால் கால்வாயில் விழுந்து, செருப்பு, தேங்காய் மட்டை, யாருடைய பந்தோ ஒன்று, எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு பெரிய கால்வாய்க்கு ஓடியது. என் படி கூட நனையவில்லை. கிரைண்டர் இரண்டும் காய்ந்த தரையில் நின்றன. சாயங்காலம் வழக்கம்போல அரிசி ஊறவைத்தேன்.

அடுத்த நாள் காலை ஐந்தரைக்கு இடியம் வரவில்லை. சார் என்ன அனுப்புவது என்று தெரியாமல் விட்டிருப்பார். நான்தான் எழுதினேன், தமிழில். அடைப்பு என் ராம்ப்பில்தான் இருந்தது, உடைத்துவிட்டேன், தண்ணீர் போகிறது, தெரிந்தும் மூன்று வருடமாக யாரும் சொல்லவில்லை, இனிமேல் என்னிடம் சொல்ல வேண்டியது எதுவாக இருந்தாலும் நேராகச் சொல்லுங்கள், நான் கோபப்பட மாட்டேன் என்று எழுதினேன். கடைசி வரியை எழுதியிருக்கக் கூடாது.

பத்து நிமிடம் கிரைண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பன்னிரண்டாம் நம்பர் வீட்டிலிருந்து முதல் செய்தி வந்தது: "அக்கா, செவ்வாய்க்கிழமை மாவு புளிக்குது."

அதற்காகவே காத்திருந்த மாதிரி மற்றவர்களும் கிளம்பினார்கள். காலை நாலு மணிக்குக் கிரைண்டர் சத்தத்தில் குழந்தை எழுந்துவிடுகிறது. அரிசி களைந்த தண்ணீரை ரோட்டில் கொட்டுகிறீர்கள், வழுக்குகிறது. லோடு ஆட்டோ திரும்பும்போது எங்கள் பூந்தொட்டி இரண்டு உடைந்தது, இப்போது சொல்கிறேன். மாடி வீட்டுப் பெண் மட்டும் ஒரு போட்டோவும் அனுப்பியிருந்தாள்: "ஆன்ட்டி, போன மாசம் மாவுல இந்தக் கம்மல் திருகாணி இருந்துச்சு. குடுக்கலாம்னு வெச்சிருக்கேன்." அந்தத் திருகாணியை நான் ஒரு வாரம் தேடியிருக்கிறேன். ஒரு செய்தியில் கூட இடியம் இல்லை. எல்லாமே முதல் தடவையிலேயே புரிந்தது.

கடைசியாக ஒன்று வந்தது. "புளிப்பு உண்மைதான்." அனுப்பியவர் பெயரைப் பார்த்தேன். என் கணவர். அடுத்த அறையில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அனுப்பியிருக்கிறார்.

போனைக் கையில் பிடித்தபடியே உள்ளே போனேன். பதினெட்டு வருடம் நான் போட்ட இட்லியைத் தலையாட்டிக்கொண்டே தின்ற மனிதர். எப்போதிலிருந்து புளிக்கிறது என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, திங்கட்கிழமை மீந்ததைக் கலக்க ஆரம்பித்த நாளிலிருந்து என்றார். அதை நான் யாருக்கும் தெரியாமல்தான் செய்துகொண்டிருந்தேன்.

கலப்பதை நிறுத்திவிட்டேன். இப்போதெல்லாம் திங்கட்கிழமை மீந்த மாவு முழுவதும் செவ்வாய் காலை பணியாரமாகி அவர் டிபன் பாக்ஸில் பட்டறைக்குப் போகிறது. எப்படி இருக்கிறது என்று கேட்டால் நேராகச் சொல்கிறார். புளிக்கிறதாம்.